எண்பத்தாறு முருகன்களும் ஒரு லாகின் திரையும்

கம்ப்யூட்டர் சர்வீஸில் இருந்து ஓய்வு பெற்றவனைச் சனிக்கிழமை தோறும் உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கூப்பிட்டு, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, "ஏதாவது சொல்லுங்க சார்" என்கிறீர்கள். வடைக்காக வருகிறேன் என்று நினைத்தால் அதுவும் உண்மைதான். ஆனால் போன வாரம் நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது உங்களில் ஒருவர் போனில் பேசியது காதில் விழுந்தது. மறுமுனையில் இருந்தவர் "வணக்கங்க" என்று முடிப்பதற்குள் இவர், "அது கிராபிக்ஸ் டிரைவர் பிரச்சினைதான் சார், நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். எனக்குக் கோபம் சுர்ரென்று வந்தது. வடையைக் கடித்த பிறகு சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அதே வாக்கியத்தை, அதே திமிரோடு, சென்னிமலையில் ஒரு வீட்டு வரவேற்பறையில் நின்று நானும் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸைக் கோயமுத்தூரில் சொன்னால் சோப்பா, மருந்தா என்று கேட்பார்கள். ஊர் முழுக்க அதைத் தெரிந்தவர்கள் ஒரு மாருதி வேனில் அடங்கிவிடுவார்கள். அதில் நான் முன் சீட்டில் உட்கார வேண்டியவன் என்று எனக்கு நினைப்பு. அந்த நினைப்போடுதான், போர்வை நெய்து விற்கும் செல்லமுத்து ஐயா வீட்டு லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருந்தேன். அமெரிக்காவில் இருந்து உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த லேப்டாப் அது. அந்த வீட்டில் அதற்குப் பெயர் பொட்டி.

பொட்டியைப் பயன்படுத்தியது ஐயா இல்லை, அவருடைய மருமகள் கோகிலா. வெள்ளகோவில் பெண், துணித் தொழிலில் டிப்ளமோ படித்தவர். கல்யாணமாகி வந்தபின் கட்டம் போட்ட தாளில் போர்வை டிசைன் வரைந்துகொண்டிருந்தவர், பொட்டி வந்ததும் அதில் வரையக் கற்றுக்கொண்டார். ஆறு மாதத்தில் எண்பத்தாறு டிசைன். எல்லாம் அந்தப் பொட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. வேறு எங்கும் ஒரு நகல்கூடக் கிடையாது. காரணம் நான்தான். போட்டுக் கொடுத்த அன்றைக்கு, "இது லினக்ஸ் அம்மா, படுக்கவே படுக்காது, காப்பியெல்லாம் எடுத்து வைக்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இதை உங்களிடம் சொல்லும்போது இப்போதுகூடக் காது சுடுகிறது.

ஒரு வியாழக்கிழமை காலை ஐயாவிடமிருந்து போன். பொட்டி உள்ளே விடமாட்டேன் என்கிறது, உடனே வர வேண்டும். பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை.

"வாங்க தம்பி, வாங்க. மொதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க. பொட்டி எங்கயும் ஓடிப்போயராது" என்றார் ஐயா. குடித்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னார். அன்று மாலை நான்கு மணிக்குக் கோயமுத்தூரில் இருந்து ஒரு வியாபாரி வருகிறார். பெரிய ஓட்டல்களுக்குப் போர்வை எடுத்துக் கொடுப்பவர். அவருக்குக் கோகிலாவின் டிசைன்களைக் காட்ட வேண்டும். "அவருக்குப் புடிச்சுதுன்னா அம்மணியே தொடர்ந்து போடட்டும். இல்லீன்னா பொட்டியத் திருப்பூருக்கு அனுப்பிப்போடறேன். அங்க இருக்கற எங்க சின்னப் பையன் ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருக்கறான்."

கோகிலா கதவோரம் கட்டத்தாள் நோட்டோடு நின்றிருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, காலையில் இருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் பார்க்காத மாதிரி பொட்டியைத் திறந்தேன்.

லாகின் திரை வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் போட்டேன். தப்பென்றால் தப்பு என்று சொல்லும். இது சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டது, திரை ஒரு கணம் கறுத்தது, கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி அதே லாகின் திரை. மறுபடி போட்டேன். மறுபடி அதே.

"டிரைவருங்க" என்றேன். "கிராபிக்ஸ் டிரைவர். பத்து நிமிஷ வேலை."

எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னேன் தெரியுமா? இரண்டு சிமிட்டல். அந்தக் காலத்து லேப்டாப்புகளில் திரையை இயக்கும் டிரைவர் மென்பொருள் பெரிய தலைவலி என்பது நிஜம். பத்தில் எட்டுக்கு அதுதான் நோய். அதனால் ஒன்பதாவது வந்தாலும் அதே மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்போம். கோகிலாவின் பெயரில் நுழைய முடியாவிட்டால் நிர்வாகிக்கான ரூட் என்ற பெயரில் நுழைந்து பார்த்திருக்கலாம். அரை நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும். திரை சும்மா ஜம்மென்று திறந்து, டிரைவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று காட்டியிருக்கும். செய்யவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

வெறும் எழுத்துத் திரைக்குப் போய், டிரைவர் அமைப்புகள் இருக்கும் கோப்பைத் திறந்து, சிப்பின் பெயரை மாற்றினேன். சிமிட்டல். நினைவக அளவை மாற்றினேன். சிமிட்டல். நிறங்களைக் குறைத்தேன், ஒரு வரியைத் தூக்கினேன், இரண்டு வரியைச் சேர்த்தேன். நடுவில் இட்லி வந்தது, சாப்பிட்டேன். மோர் வந்தது, குடித்தேன். கோகிலா என் முதுகுக்குப் பின்னால் நின்று நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். டிசைன் வரைகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். பத்தரை மணி வாக்கில் ஒரு மாற்றம் செய்தேன் பாருங்கள், அதற்குப் பிறகு சிமிட்டுவதற்கு லாகின் திரையே வரவில்லை. முழுக் கறுப்பு.

பழைய கோப்பை எடுத்து வைத்துவிட்டுத்தானே கை வைப்பார்கள் என்று கேட்பீர்கள். வைக்கவில்லை ஐயா, வைக்கவில்லை! பத்து நிமிட வேலைக்கு யார் எடுத்து வைப்பார்கள்?

வியர்த்துவிட்டது. "ஒரு போன் பண்ணிட்டு வந்தர்றேன்" என்று தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் எங்கள் சீஃபைக் கூப்பிட்டேன். சர்வீஸ் உலகத்தில் எனக்குக் குரு அவர்தான். ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். எதற்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். "ஏப்பா, அதோட என்ன மல்லுக்கட்டிட்டு இருக்கற? அடிச்சுப்போட்டுப் புதுசா ஏத்திரு. ரெண்டு மணிநேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சுரும்." உள்ளே இருக்கிற டிசைன் போய்விடுமே சார் என்றேன். "பொட்டியே ஓடலீன்னா டிசைன வெச்சு என்ன பண்றது? அந்தம்மா மறுபடியும் போட்டுக்கும்" என்று வைத்துவிட்டார்.

அந்தம்மா மறுபடியும் போட்டுக்கும். ஆறு மாதம். எனக்கு அது அப்போது நியாயமாகப் பட்டது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கறுப்புத் திரைக்கு முன்னால் அரை மணிநேரம் உட்கார்ந்தவனுக்கு, ஓடுகிற காலிப் பொட்டியே பெரிய வெற்றியாகத் தெரியும்.

திரும்பி வந்து ஐயாவிடம் சொன்னேன். "அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாத்தான் ஆகுமுங்க."

"அழிச்சுப்போட்டுங்களா? டிசைனெல்லாம்?"

"அதுவும் போயிருமுங்க."

கோகிலா நோட்டை மார்போடு அணைத்துப் பிடித்தார். ஐயா சற்று நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"செரிங்க தம்பி. ஆனா இது நான் ஒருத்தனா முடிவெடுக்கற காரியமில்லீங்க. மலைக்குப் போயி ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் ஒண்ணையும் அழிச்சுப்போடாதீங்க."

சென்னிமலைக்காரர்களுக்கு இது வழக்கம். வீடு கட்டுவது, பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது என்று எதுவானாலும் மலை மேல் முருகனிடம் பூ உத்தரவு கேட்பார்கள். சாமி தலையில் பூ வைப்பார்கள். வலது பக்கம் விழுந்தால் சம்மதம், இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். இது எனக்குத் தெரியும். ஆனால் லேப்டாப்பை பார்மட் செய்ய உத்தரவு கேட்ட மனிதர் உலகத்திலேயே செல்லமுத்து ஐயா ஒருவராகத்தான் இருக்க வேண்டும். "நாலு மணிக்கு ஆள் வருதுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "உச்சிகாலப் பூசை முடிஞ்சதும் ஓடியாந்தர்றேன்" என்று வேனில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. படித்தவன் பேச்சைவிடப் பூவின் பேச்சா? சரி, சாமியே சரி பண்ணட்டும் என்று பொட்டியை மூடி, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். காலையில் இருந்து அப்போதுதான் முதல் முறையாகச் சும்மா உட்கார்ந்தேன்.

கால் மணிநேரம் போனது. மின்விசிறியைப் பார்த்தேன். காலண்டரைப் பார்த்தேன். பேச்சு வேண்டுமே என்றுதான் கேட்டேன், புத்திசாலித்தனத்தில் இல்லை.

"நேத்து கடைசியா என்னம்மா பண்ணீங்க இதுல?"

கோகிலா நிமிர்ந்தார். "சொல்லலாமுங்களா சார்?"

"சொல்லுங்க."

"நேத்து சாயங்காலம் புதுசா இன்னொரு டிசைன சேவ் பண்றப்ப எடமில்லைன்னு இங்கிலீஷ்ல வந்துச்சுங்க. மூணு தடவ வந்துச்சு. அப்பறம் அணைச்சுப்போட்டேன். காத்தால போட்டா உள்ள உடமாட்டீங்குது."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லினக்ஸில் ஒருவர் நுழையும்போது அவருடைய பெயரில் ஒரு சின்னச் சீட்டு எழுதி வைத்தால்தான் திரை திறக்கும். ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டு நிரம்பிவிட்டால், நிர்வாகிக்கென்று ஒதுக்கிய துளி இடம் தவிர, சீட்டு எழுத இடமிருக்காது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, உள்ளே போய், சீட்டு எழுத முடியாமல் வெளியே வந்து நிற்கும். சிமிட்டல் அதுதான். டிரைவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"வந்ததுமே டிரைவருன்னு சொல்லிப்போட்டீங்க. படிச்சவிய வேல செய்யறப்ப குறுக்க எப்படிங்க பேசறது?"

அவர் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது.

பொட்டியைத் திறந்து எழுத்துத் திரையில் பார்த்தேன். வட்டு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. டிசைன்கள் சின்னச் சின்னக் கோப்புகள்தான். பின் எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடினால், ஒவ்வொரு டிசைனுக்கும் ஃபோல்டர் என்கிற ஒரு தனி உறை, ஒவ்வொரு உறையிலும் முதலாவதாக யானை மாதிரி ஒரு படக்கோப்பு. எண்பத்தாறு உறை, எண்பத்தாறு யானை.

"இது என்னம்மா?"

"முருகனுங்க."

தாளில் வரைந்த காலத்தில் ஒவ்வொரு டிசைனுக்கும் மேலே பிள்ளையார் சுழி போடுவார்களாம். பொட்டிக்கு மாறியபோது ஐயா, இதில் சாமியே இல்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறார். ஈரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் பூசையறைப் படத்தை ஸ்கேன் செய்து வாங்கி வந்து, ஒவ்வொரு டிசைனுக்கும் முதலில் முருகன் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். படம் பெரிதாக, வேல் நுனி வரை தெளிவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னாராம். ஸ்டூடியோக்காரர் பக்திமான் போலிருக்கிறது, மயில் தோகையின் ஒரு கண்கூட விட்டுப்போகவில்லை.

"எண்பத்தஞ்சத் தூக்கிட்டா ஒரு நிமிஷ வேலைம்மா!"

"அய்யோ, மாமா வரட்டுங்க சார்" என்றார் கோகிலா.

அது கிடக்கட்டும், என் கைவரிசையால் கறுத்துப்போன திரைக்கு என்ன வழி? இடம் கிடைத்தாலும் திரை வராதே. எந்த வரியில் முதலில் என்ன இருந்தது என்று ஒன்றுகூட நினைவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு இதையும் சொன்னேன். கோகிலா நோட்டில் இருந்து ஒரு கட்டத்தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தார்.

நான் காலையில் இருந்து மாற்றிய ஒவ்வொரு வரியும் அதில் இருந்தது. இடது கட்டத்தில் முன்பு இருந்தது, வலது கட்டத்தில் நான் மாற்றியது, பக்கத்தில் மணி. கட்டம் கட்டமாக, ஒரு எழுத்து பிசகாமல்.

"தறியில டிசைன் மாத்தறப்ப இப்படித்தானுங்க எழுதி வெப்போம். தப்பாப் போச்சுன்னா எந்த இழை வரைக்கும் பிரிக்கோணும்னு தெரியோணுமில்லீங்களா" என்றார்.

நான் அந்தத் தாளைக் கீழிருந்து மேலாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன். லாகின் திரை திரும்ப வந்தது. வந்து சிமிட்டியது. அந்தச் சிமிட்டலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

ஐயா திரும்பி வரும்போது மணி இரண்டரை. நெற்றி நிறைய விபூதி. "பூ எடது பக்கம் உழுந்திருச்சுங்க தம்பி. அழிக்கறதுக்கு உத்தரவில்ல."

"ரொம்பச் சந்தோஷமுங்க! அழிக்கவே வேண்டாம். எண்பத்தஞ்சு முருகன் படத்த மட்டும் எடுத்துட்டாப் போதுமுங்க."

ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுவும் அழிக்கறதுதானுங்களே? அதுவும் சாமிய. இப்பத்தான் அவருகிட்டவே கேட்டுப்போட்டு வாரேன்."

மாட்டினேன். ஒரே படம்தானுங்க, நகல்தானுங்க, ஒன்று இருந்தால் போதுமுங்க என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "செரிங்க", "செரிங்க" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவர் இத்தனை தடவை செரிங்க என்றால் முடியாது என்று அர்த்தம். கடிகாரம் மூன்றைத் தாண்டியது. அழித்துவிட்டு, அழிக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்தது நிஜம், மறைக்கவில்லை.

அப்போது கோகிலா மெதுவாகக் கேட்டார். "சார், ஒரே முருகன வெச்சுப்போட்டு, மத்த எடத்துல எல்லாம் அங்க இருக்காருன்னு கை காட்டி உட முடியுங்களா?"

லினக்ஸில் அது உண்டு. ஒரு கோப்பை ஓரிடத்தில் வைத்து, மற்ற இடங்களில் அதைச் சுட்டும் வெறும் பெயர்களை வைக்கலாம். இடமே பிடிக்காது. எனக்கு அது பால பாடம். ஆனால் அன்றைக்கு என் மண்டையில் அடி, அழி, புதுசாய்ப் போடு, இந்த மூன்று வார்த்தைகளைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. வட்டு மட்டுமா நிரம்பியிருந்தது?

"முடியும்மா. ஆனா ஐயா..."

கோகிலா மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா, முருகன் மலை மேல ஒருத்தருதானுங்க. அதுக்குன்னு நாம ஊட்டுக்கு ஊடு மலை கட்டறமுங்களா? வாசல்ல நின்னு மலையப் பாத்துத்தானுங்க கும்படறோம். அதே மாதிரி எல்லா டிசைனும் அவரப் பாத்து நிக்கட்டுங்க."

ஐயா துண்டை ஒரு முறை மடித்தார், பிரித்தார். சன்னல் வழியே மலையைப் பார்த்தார். "அது செரி கண்ணு" என்றார். இந்தத் தடவை ஒரே ஒரு செரி.

மூன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. கோகிலா உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டார். திரை கறுத்தது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். சிமிட்டவில்லை. திறந்தது. எண்பத்தாறு டிசைனும் இருந்த இடத்தில் இருந்தன. கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, காப்பி கொண்டாரேன்" என்று உள்ளே போனார். இட்லி, மோர் எல்லாம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இந்தப் பெண்ணின் ஆறு மாதத்தை அடித்துப் போட இருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

வியாபாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். கோயமுத்தூரில் சர்ச் கமிட்டியில் இருப்பவர், பேச்சில் அவ்வளவு தன்மை. ஒவ்வொரு டிசைனைத் திறக்கும்போதும் முதலில் முருகன் வந்தார். மனிதர் ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் கொஞ்சம் நிதானித்து, பிறகு டிசைனைப் பார்த்தார். பதினைந்தாவது முருகன் வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. சாமி இத்தனை எடத்துல இருக்கோணுங்களா?"

"இத்தனை எடத்துல எங்கீங்க இருக்காரு? ஒரே எடத்துலதான் இருக்காரு. மத்ததெல்லாம் கை காட்டி உட்டிருக்கறோம்" என்றார் ஐயா, லினக்ஸையே தான் எழுதின மாதிரி.

முப்பத்தொரு டிசைன் பிடித்திருந்தது. யார் போட்டது என்று வியாபாரி கேட்டார். எப்போதும் "நம்மூட்டுல போட்டதுங்க" என்று சொல்லும் ஐயா, கதவோரம் கையைக் காட்டினார். "கோகிலா போட்டதுங்க. இனி டிசைன் சமாச்சாரமெல்லாம் அம்மணியக் கேட்டுக்கோங்க. பொட்டியும் அவுங்களுதுதான்."

கிளம்பும்போது அந்தக் கட்டத்தாளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ் பெருந்துறை தாண்டியதும்தான் ஆற அமரப் பிரித்துப் பார்த்தேன். முன்பக்கம்தான் எனக்குத் தெரியும். பின்பக்கத்தை அப்போதுதான் திருப்பினேன். அங்கே மணி மணியான கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. அந்தத் தாளை இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறேன், ஆளுக்கு ஆள் கை மாற்றிப் பாருங்கள், வடை எண்ணெய் படாமல்.

முதல் வரி: நேற்று மாலை, இடம் இல்லை என்று மூன்று முறை வந்தது. இரண்டாம் வரி: பத்து இருபத்தைந்து வரை லாகின் திரை வந்துகொண்டிருந்தது, சார் ஆறாவது மாற்றம் செய்த பிறகு வரவில்லை. மூன்றாம் வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

சார் கேட்டால் சொல்ல வேண்டும்.